வசதிகள் போதாமையால்

மாலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கூடும் எங்கள் பென்ஷன்காரர்கள் கூட்டத்தில், அமெரிக்கா போய் வராதவர்கள் இப்போது குறைவு. பிள்ளையோ பெண்ணோ அங்கே இருப்பார்கள். போய் வந்தவர் நயாகரா, சுதந்திர தேவி சிலை, டிஸ்னிலாண்ட் என்று பட்டியல் போடுவார். போன வாரம் என் முறை வந்தது.

"என் பையன் என்னை ஒரு பாலைவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மண் தரையில் படுக்க வைத்தான். கரண்ட் கிடையாது. குளிக்க இடம் கிடையாது. கக்கூஸ் என்பது ஒரு குழி. அதற்கு 23 டாலர் வாடகையும் கொடுத்தோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நண்பர் மட்டும், "உங்களுக்கும் பையனுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, அவருக்குச் சரியான பதிலை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இது நடந்தது 2017 அக்டோபரில். எனக்கு அப்போது 68 வயது. நானும் மனைவியும் கலிபோர்னியாவில் பையன் வீட்டில் தீபாவளி கொண்டாடினோம். மறுநாள் பையன், "நாளைக்கு ரெட் ராக் கேன்யன் போறோம்பா. ஒரு ராத்திரி டென்ட்ல தங்கிட்டு வரலாம்" என்றான். என் மனைவி முழங்கால் வலியைக் காரணம் காட்டி உடனே தப்பித்துக்கொண்டாள். "நீங்க போங்க. நான் புளியோதரை கட்டித் தரேன்" என்று முடித்துவிட்டாள். மருமகளும் மாமியாருக்குத் துணையாக வீட்டில் இருந்துகொண்டாள். பையன், பேத்தி, நான் மூவரும் கிளம்பினோம். பேத்திக்கு அப்போது 12 வயது.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வடக்கே சுமார் 120 மைல். ஊர் முடிந்து மலை ஏறி இறங்கினால் மொஹாவி பாலைவனம். பாலைவனம் என்றால் எனக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். டிக்தே எழுதும்போது 'தெசேர்' என்ற சொல்லுக்கு ஒரு எஸ் போட்டால் பாலைவனம். இரண்டு எஸ் போட்டால் சாப்பாட்டுக்குப் பின்னால் வரும் இனிப்பு. ஒட்டகக் கூட்டம் ஒன்று பாயசத்தைக் கடந்து போனதாக நான் எழுதிவிட்டேன். வாத்தியார் அந்தச் சொல்லை ஐம்பது தடவை எழுத வைத்தார். அன்று எழுதிய பாலைவனத்தை நேரில் பார்க்க அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

ஆனால் பாடப் புத்தகத்துப் படத்தில் இருந்த மணல் மேடு அங்கே இல்லை. கப்பிக்கல் நிலம். முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் பச்சைப் புதர்கள். நடுநடுவே ஜோஷுவா மரம். அதை மரம் என்று சொல்கிறார்களே தவிர, கற்றாழைக்குத் தூரத்து உறவாம். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனிதன் மாதிரி இருக்கிறது. மொஹாவி என்ற சிறிய ஊரைத் தாண்டும்போது, ஓய்வுபெற்ற விமானங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஈரமில்லாத காற்று என்பதால் சீக்கிரம் துருப்பிடிக்காதாம். "பென்ஷன்காரர்களுக்கு ஏற்ற ஊர்" என்றேன். பேத்திக்குப் புரியவில்லை. பையன் சிரித்தான்.

அங்கிருந்து 25 மைல் போனதும் சாலையின் இரண்டு பக்கமும் திடீரென்று பாறைச் சுவர்கள் எழுந்தன. அதைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டேன். நம் கோயில் மதில்களில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்திருப்பார்கள் இல்லையா, அதே மாதிரி. ஒரு பட்டை சிவப்பு, ஒரு பட்டை வெள்ளை, நடுவில் ரோஜா நிறத்தில் ஒன்று, மேலே கறுப்பாக ஒரு மூடி. மழையும் காற்றும் அரித்து, பாறையின் முகம் முழுக்க வரிவரியாகத் தூண் நிறுத்தினாற்போல் இருந்தது. சில இடங்களில் பெரிய கறையான் புற்றுகளை வரிசையாக வைத்ததுபோலவும் இருந்தது.

ஆற்று மண்ணும் ஏரிச் சேறும் எரிமலைச் சாம்பலும் மாறி மாறிப் படிந்து உண்டான அடுக்குகள் அவை. பிறகு பூமி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டதில் எல்லாமே சாய்ந்துவிட்டன. எனக்கு எங்கள் ஆபீஸ் ரெக்கார்டு ரூம்தான் நினைவுக்கு வந்தது. வருஷ வாரியாகச் சிவப்புத் துணியில் கட்டி அடுக்கிய கட்டுகள், ஓர் ஓரம் இறங்கியதும் மொத்தமாகச் சாய்ந்து நிற்குமே, அதே கோணம். மேலே இருக்கும் கெட்டியான பாறை கீழே உள்ள மெத்தான அடுக்குகளுக்குக் குடை பிடிக்கிறது. குடை உடைந்த இடத்தில் எல்லாம் கரைந்து ஓடிவிடுகிறது. சிவப்புக்குக் காரணம் இரும்புத் துரு. நம் செம்மண்ணும் அதனால்தான் சிவப்பு.

முகாம் இடத்தின் பெயர் ரிக்கார்டோ. ஸ்பானியப் பெயராக இருக்கிறதே என்று கேட்டேன். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே நிலம் வாங்கிக் குடியேறிய ருடால்ஃப் ஹேகன் என்பவர், தன் மகன் ரிச்சர்டின் பெயரை அப்படி மாற்றி ஊருக்கு வைத்தாராம். அவருக்கும் முன்னால், பல நூறு வருஷங்களாகக் கவாயிசு என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்த இடம் அது.

பாறைச் சுவரின் அடிவாரத்தில், வளைந்து வளைந்து போகிற மண் பாதையில் 50 இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், எண் எழுதிய ஒரு கம்பம். அவ்வளவுதான். குடிதண்ணீர்க் குழாய் கொஞ்ச தூரத்தில் இருந்தது. குழிக் கழிப்பறை, பாதை ஓரமாகச் சிறு கட்டடம். முன்பதிவு இல்லை. முன்னால் வருபவருக்கு இடம். ஆபீசும் இல்லை, ஆபீசரும் இல்லை. நாமே ஓர் உறையை எடுத்து, பெயர், கார் நம்பர், இடத்தின் எண் எல்லாம் எழுதி, பணத்தை உள்ளே வைத்து, ஓர் இரும்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கிழித்த துண்டைக் கம்பத்தில் செருகி வைக்க வேண்டும். வாடகை 25 டாலர். 62 வயது ஆனவர் இருந்தால் 2 டாலர் குறைவு என்று பையன் சொன்னான்.

"வயசுக்கு ஆதாரம் யாரிடம் காட்டுவது?" என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் காட்ட வேண்டாம்பா."

முப்பத்தைந்து வருஷம் நகராட்சியில், அதிலும் பெரும்பகுதி எத்தா சிவிலில், பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டே காலம் தள்ளியவன் நான். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் படிவத்தை நானே வாங்கி, அழகான கையெழுத்தில் நிரப்பினேன். இடத்தின் எண்ணையும் நான்தான் எழுதினேன். இது பின்னால் வரும்.

அறிவிப்புப் பலகையில் 'ப்ரிமிட்டிவ்' என்று போட்டிருந்தது. "ஆதிவாசி முகாமா?" என்றேன். மின்சாரம், குளியலறை, கடை எதுவும் இல்லாத முகாமை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். காற்று பிய்த்துக்கொண்டு போனது. வாய் தவறி, "என்னடா தம்பி, வசதி எதுவுமே போதாதே" என்று சொல்லிவிட்டேன்.

பையன் கூடார மூட்டையை இறக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், எழுத்துத் தமிழில் சொன்னான்: "வசதிகள் போதாமையால் அனுமதி மறுக்கப்படுகிறது."

பேத்தி கலகலவென்று சிரித்தாள். "தாத்தா, அப்பா இதை அடிக்கடி சொல்வாங்க. நான் எது கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க" என்றாள். அவளுக்கு அது அப்பாவின் ஜோக். எனக்கு மட்டும்தான் அது யாருடைய வாக்கியம் என்று தெரியும்.

1988-ல் பையன் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் சாரணர் முகாம் என்று செஞ்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள். மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும், தாங்களே சமைக்க வேண்டும். கட்டணம் பெரிதாக ஒன்றும் இல்லை. பெற்றோர் சம்மதக் கடிதம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். கீழே கையெழுத்துப் போட்டால் போதும். எனக்குப் பயம். பாம்பு, பாறை, கிணறு, மலையேறி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஏதேதோ பயம். ஒரே பிள்ளை வேறு. பயமாக இருக்கிறது என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "கழிப்பறை வசதி இருக்கா? டாக்டர் இருக்காரா?" என்று கேட்டேன். அவன் விழித்தான். ஆபீஸ் ஃபைலில் எழுதுகிற மாதிரியே அந்தத் தாளில், "வசதிகள் போதாமையால் அனுமதி மறுக்கப்படுகிறது" என்று எழுதி, தேதியும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். என் மனைவி, "இதென்ன கூத்து, பிள்ளைக்கு மெமோ கொடுக்கிறீங்க" என்றாள். அவன் அழவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அதை நான் அடுத்த வாரமே மறந்துவிட்டேன். அவன் 29 வருஷம் ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறான்.

அன்று மாலை அது பற்றி நான் எதுவும் பேசவில்லை. பேசவும் நேரமில்லை. கூடாரம் போடுவது பெரிய வேலை. ஒரு பக்கம் முளை அடித்தால் மறு பக்கத்தைக் காற்று தூக்குகிறது. பேத்தி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள், பாரம் வைக்கிறாளாம். ஆறு மணி சுமாருக்குச் சூரியன் இறங்கியது. அப்போது அந்தப் பாறைச் சுவர் முழுவதும், அடுப்பில் தணல் ஊதினால் சிவக்குமே, அப்படிச் சிவந்தது. பத்து நிமிஷம்தான். பிறகு சாம்பல் நிறமாகிவிட்டது. காற்றும் அடங்கியது.

அங்கே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கக் கூடாது. விறகை வரும் வழியிலேயே விலைக்கு வாங்கி வந்திருந்தோம். தீ மூட்டி, புளியோதரையும் அப்பளமும் தின்றோம். இருட்டின பிறகு தலைக்கு மேல் பால்வீதி தெரிந்தது. சின்ன வயசில் முத்தியால்பேட்டையில் மொட்டை மாடியில் படுத்துப் பார்த்தது. பிறகு எப்போது பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை. தூரத்தில் கயோட்டி என்ற நரி ஜாதி மிருகம் ஊளையிட்டது. ஒன்று தொடங்க, நாலைந்து சேர்ந்துகொண்டன. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் யாருக்குத் தைரியம் சொன்னது என்று கேட்காதீர்கள்.

பிரெஞ்சில் வெட்டவெளியில் படுப்பதை 'ஆ லா பெல் எத்துவால்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அழகான நட்சத்திரத்தில்' என்று வரும். பள்ளியில் அதைப் படித்தபோது, பெல் எத்துவால் என்பது ஏதோ ஒரு லாட்ஜின் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் பேத்திக்குச் சொன்னேன். "அப்ப இன்னிக்கு நாம அந்த லாட்ஜ்லதான் இருக்கோம்" என்றாள்.

படுக்கப் போகும் முன் பையன் சொன்னான்: "அப்பா, ராத்திரி எத்தனை மணியானாலும் என்னை எழுப்புங்க. தனியாப் போகாதீங்க."

"சரி" என்றேன்.

என் வயது வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இரவில் இரண்டு முறை எழுந்தே ஆக வேண்டும். இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தது. பையன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பகலெல்லாம் கார் ஓட்டியவன், தூங்கட்டும். அது ஒரு காரணம். நூறு அடி தூரம் போக ஒரு மகன் கையைப் பிடிக்க வேண்டுமா என்ற வீம்பு இன்னொரு காரணம். சத்தம் போடாமல் ஜிப்பைத் திறந்து, ஸ்வெட்டர், குல்லா, புதுச்சேரியிலிருந்து நான் கொண்டு போன டார்ச் சகிதம் வெளியே வந்தேன். நல்ல குளிர்.

போவது சுலபமாக இருந்தது. கழிப்பறைக் கட்டடம் பெரிதாகத் தெரிந்தது. திரும்பும்போதுதான் வினை. ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். எதிரே ஒரு கூடாரம். அது எங்களுடையது இல்லை. அடுத்ததும் இல்லை. எங்கள் கூடாரம் பச்சையா நீலமா? டார்ச் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறம். கம்பத்தில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஒரு கம்பத்தில் வெளிச்சம் அடித்தேன். எண் தெரிந்தது. எங்கள் எண் என்ன? அதுதான் ஞாபகம் வரவில்லை. என் கையால் எழுதிய எண். ஆயிரக்கணக்கான பதிவு எண்களை மனப்பாடமாகச் சொன்னவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர் உண்டு.

அந்நிய தேசத்தில், நடு இரவில், அடுத்தவர் கூடாரத்தில் போய் வெளிச்சம் அடிக்க முடியுமா? கூப்பிட்டால் ஊரே எழுந்துவிடும். அதைவிட, கூப்பிட்டால் பையன் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஆள் இல்லாத ஓர் இடத்தில் மேஜை இருந்தது. போய் உட்கார்ந்தேன். டார்ச் மங்கத் தொடங்கியிருந்தது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று அணைத்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. என் கையே தெரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. வேறு சத்தமே இல்லை. அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. பூச்சிகூடக் கத்தவில்லை. ஒருமுறை இருமினேன். கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. பாறைச் சுவரின் விளிம்பு கறுப்பாகத் தெரிந்தது. அதற்கு மேலே வானம். நட்சத்திரங்கள் அடிவானம் வரை, பாறையைத் தொட்டுக்கொண்டு நின்றன. தென்கிழக்கே திருவாதிரை சிவப்பாக, பக்கத்தில் மிருகசீரிடம். நம் ஊரில் மார்கழி மாதம் பார்க்கிற அதே திருவாதிரை. தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த மாதிரி ஆறுதலாக இருந்தது.

இடது பக்கம், நாற்பது அடி தூரத்தில், ஒரு வெளிச்சம் இரண்டு முறை மின்னி அணைந்தது. மறுபடி இரண்டு முறை. எழுந்து அதை நோக்கி நடந்தேன்.

பையன் கூடாரத்துக்கு வெளியே மடக்கு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்காக இன்னொரு நாற்காலி விரித்து வைத்திருந்தான்.

"எப்ப எழுந்த?"

"நீங்க ஜிப்பைத் திறந்தப்பவே."

"பின்னாடியே வந்திருக்கலாமே. இல்ல, கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா உங்களுக்குக் கோவம் வரும். உங்க டார்ச் வெளிச்சம் இங்கிருந்தே தெரிஞ்சுது. எங்க போறீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அணைஞ்சதும் பயந்துட்டேன். வந்துடலாம்னு எழுந்தேன். அப்ப நீங்க இருமினது கேட்டுது. சரி, உட்கார்ந்திருக்கார், கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. உட்கார்ந்தேன். அவன் கம்பளியின் பாதியை என் மேல் போட்டான். அப்போது வானத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு ஓடியது. இரண்டு நிமிஷம் கழித்து இன்னொன்று. அந்த இரவைப் பையன் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். அக்டோபர் 21-ஐ ஒட்டி வருஷா வருஷம் எரிகற்கள் விழுமாம். அமாவாசை முடிந்த மூன்றாம் நாள் என்பதால் நிலவும் சாயங்காலமே மறைந்துவிட்டது. ஹேலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசிதான் அப்படி எரிந்து விழுகிறது என்றான்.

"ஞாபகம் இருக்காப்பா? 1986-ல் ஹேலியைக் காட்டறேன்னு விடியற்காலையில எழுப்பிக் கடற்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. ஒரே மூட்டம். ஒண்ணும் தெரியல."

அதையும் நான் மறந்திருந்தேன். மறுத்ததை மட்டும் இல்லை, அழைத்துப் போனதையும் அவன் வைத்திருக்கிறான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு சொன்னேன்: "அன்னிக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கலாம்டா."

எந்தத் தாள் என்று அவன் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "இவளுக்குப் போன வருஷம் ஸ்கூல்ல கேம்ப் வந்துதுப்பா. மலை மேல, நாலு நாள். நான் அனுப்பல. குளிரும்னு சொன்னேன்" என்றான்.

"குளிருமா?"

"எல்லாருக்கும்தான் குளிரும். மத்த பிள்ளைங்க போய்ட்டு வந்தாங்க." பிறகு சொன்னான்: "அதான், முதல்ல நானே கூட்டிக்கிட்டு வந்து பார்க்கலாம்னு."

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. மத்தியானத்திலிருந்து, பழைய கணக்கைத் தீர்க்கத்தான் என்னை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறான் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். அவன் வந்தது தன் பயத்தைச் சரிபார்க்க. அந்தப் பயம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எத்தா சிவிலில் தகப்பன் பெயர், மகன் பெயர் என்று பதிவு செய்வோம். பயத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது.

நாலு மணி வரை உட்கார்ந்து எண்ணினோம். மொத்தம் பதினொன்று.

காலையில் பேத்தியிடம் அப்பாவும் தாத்தாவும் நட்சத்திரம் பார்த்ததைச் சொன்னதும், தன்னை எழுப்பவில்லை என்று கோபித்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்த அங்கே உள்ள சிறிய தகவல் நிலையத்துக்குப் போனோம். அந்தப் பாறை அடுக்குகளில் மூன்று குளம்புக் குதிரை, காண்டாமிருகம், யானையின் பழைய உறவினர் என்று பல மிருகங்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. சுமார் 80 லட்சம் முதல் 125 லட்சம் வருஷங்களுக்கு முந்தியவை. அப்போது அங்கே நீரும் புல்வெளியும் இருந்ததாம். ஜுராசிக் பார்க் படத்தில் எலும்பு தோண்டுகிற காட்சியை எடுத்ததும் அங்கேதான். பேத்திக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

விட்டுக்கொடுப்பேனா? புதுச்சேரிக்குப் பக்கத்தில் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, அவை சுமார் 2 கோடி வருஷம் பழையவை, 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதிவிட்டார் என்று அடித்துவிட்டேன். "நீங்க பார்த்திருக்கீங்களா தாத்தா?" என்றாள். வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் பல தடவை போயிருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் கல்மரங்களைப் பார்க்கப் போனதில்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

'ப்ரிமிட்டிவ்' என்ற சொல்லைப் பற்றியும் அன்று காரில் யோசித்துக்கொண்டே வந்தேன். பிரெஞ்சு இலக்கணத்தில் 'தான் ப்ரிமித்திஃப்' என்று ஒன்று படித்தோம். வினைச்சொல்லின் மூல வடிவங்கள். மற்ற காலங்கள் எல்லாம் அவற்றிலிருந்துதான் பிறக்கும். அவை தெரிந்தால் மீதியைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்பார் வாத்தியார். தரை, தண்ணீர், தீ, பக்கத்தில் விழித்திருக்க ஓர் ஆள். அந்த முகாமில் இருந்த வசதி அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் பேத்தியின் பள்ளியில் மறுபடி முகாம் வந்தது. பையன் போனில், "கையெழுத்துப் போட்டுட்டேன்பா" என்றான். "நல்லது" என்றேன். அவள் போன முதல் நாள் அங்கே இரவு, இங்கே பகல். எனக்குப் பகல் முழுக்க வேலை ஓடவில்லை. மத்தியானம் போன் போட்டேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். முதல் மணியிலேயே எடுத்தான். இரண்டு பேரும் ஒன்றும் முக்கியமாகப் பேசவில்லை.

நண்பரின் கேள்விக்குப் பதில் இதுதான்: மனஸ்தாபம் இருந்தது. 29 வருஷம், எனக்குத் தெரியாமலே இருந்தது.

பிள்ளைகளோடு இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிற வயதானவர்களுக்குச் சில குறிப்புகள். அக்டோபர், நவம்பர் நல்ல மாதம். கோடையில் வெயில் தாங்காது. குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர், காது மூடும் குல்லா, கெட்டியான காலுறை வேண்டும். தண்ணீர் கையோடு நிறையக் கொண்டு போங்கள். மாத்திரைகளைக் காரில் விடாமல் தலைமாட்டில் வையுங்கள். தரையில் படுத்தால் எழுந்திருப்பது சிரமம். மடக்குக் கட்டில் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். டார்ச்சுக்குப் புது பேட்டரி போடுங்கள். உங்கள் இடத்தின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் எழுந்தால் பிள்ளையை எழுப்பலாமா என்று கேட்டால், எழுப்பிவிடுவதே மரியாதை. எப்படியும் அவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.